பச்சைக் கோப்பையில் காப்பி

எனக்கு ஒன்பது வயது ஆகிற வரைக்கும் நான் ஒரு முழு டம்ளர் காப்பி குடித்ததில்லை. காப்பி குடித்தால் பிள்ளைகள் கறுத்துப்போவார்கள் என்று எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் ஒரே குரலில் சொல்வார்கள். நான் ஏற்கெனவே நல்ல கறுப்பு. இதற்கு மேல் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். கேட்டால் முதுகில் விழும் என்பதால் கேட்டதில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் அப்பாவின் டம்ளரில் மிஞ்சுகிற கடைசி மடக்குதான்.

அது சாதாரண மடக்கு இல்லை. அப்பா சர்க்கரையைச் சரியாகக் கலக்காமல்தான் குடிப்பார். பாதி சர்க்கரை அடியில் தங்கிவிடும். மேலே இருக்கிற கசப்பெல்லாம் அவருக்கு, அடியில் இருக்கிற இனிப்பெல்லாம் எனக்கு. "இந்தா, ஒன் பங்கு" என்று நீட்டுவார். நான் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டும் நாக்கில் விழுகிற வரை அண்ணாந்து நிற்பேன். இன்றைக்கு வேறொரு ஊரில், ஒற்றை அறையில், எனக்கு வேண்டிய மட்டும் காப்பி போட்டுக் குடிக்கிறேன். நல்ல பொடி, நல்ல பால். குடிக்காதே என்று தடுக்க ஆளில்லை. பங்கு கேட்கவும் ஆளில்லை. அந்த ருசி மட்டும் வரவே இல்லை.

அப்பா மினி லாரி ஓட்டினார். எனக்கு எட்டு வயது நடக்கும்போது கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் வண்டி ஓட்டப் போனார். முதலில் வாரம் ஒருமுறை வந்தார். பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அப்பாவுக்கு வெளியூர்ல வேலை" என்றாள் அம்மா. கம்மாபுரம் ஒன்றும் சிங்கப்பூர் இல்லை. எங்கள் விருத்தாசலத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் ஒரு குட்டித் தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். அங்கே அவருக்கு இன்னொரு வீடும், அந்த வீட்டில் ஒருத்தியும் இருந்தது தெரு முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

அம்மா செராமிக் கம்பெனியில் கோப்பைகளுக்குக் காது ஒட்டினாள். அச்சில் வார்த்து எடுத்த கோப்பை தனியாக வரும், காது தனியாக வரும். களிமண் குழம்பைத் தொட்டு இரண்டையும் சேர்த்து, ஸ்பான்ஜால் ஓரத்தைத் துடைத்துப் பலகையில் வைக்க வேண்டும். காய்ந்த பிறகு சூளைக்குப் போகும். சுடாத கோப்பையைக் கம்பெனியில் 'பச்சை' என்பார்கள். பச்சையில் தண்ணீர் பட்டால் கரைந்துபோகும் என்பது எங்கள் ஊரில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அம்மா ஒட்டிய காது சூளைக்குப் போனாலும் லாரியில் போனாலும் விழாது என்று கம்பெனியில் பேர் இருந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஸ்கூல் விட்டு நான் வரும்போது வீடு பூட்டியிருக்கும். சாவி என் கழுத்தில், கவுனுக்குள்ளே, வேர்வையில் நனைந்து தொங்கும். திறந்து உள்ளே போனால் காலையில் அவசரத்தில் விட்டுப்போன சாமான்கள் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். அம்மா வர ஆறரை ஆகும். அந்த இரண்டரை மணி நேரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. வீட்டுப்பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். டிவியில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அம்மாவோடு அதே கம்பெனிதான் என்பதால் அங்கேயும் பூட்டு. சில நாள் சும்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிச் சத்தங்களில் எது அப்பாவின் பைக் போல இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். எதுவும் இருக்காது. பயமெல்லாம் இல்லை. யாருமே இல்லாமல் இருப்பது எப்படி என்று அந்த வயதிலேயே பழகிவிட்டேன். நல்ல பழக்கம்தான், இப்போது உதவுகிறது.

மாதத்தில் வருகிற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா பைக்கைவிட்டு இறங்க மாட்டார். இன்ஜினை அணைக்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டையும் வாழைப்பழச் சீப்பையும் என்னிடம் கொடுப்பார். "நல்லா படிக்கிறியா?" என்பார். நான் தலையாட்டி முடிப்பதற்குள் கியர் விழுந்துவிடும். அம்மா உள்ளேயே இருப்பாள். வாங்க என்றும் சொல்ல மாட்டாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்க மாட்டாள். அப்பா போன பிறகு வீட்டில் காப்பி என்கிற பேச்சே இல்லை. டீத்தூள்தான். பித்தளை ஃபில்டரும் அப்பாவின் டபரா செட்டும் பரண் மேல் ஏறிவிட்டன.

எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காப்பி கொடுப்பார்கள். காப்பி வந்துவிட்டால் வந்தவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் சாப்பாட்டு நேரம் வரும். சாப்பிட்டால் ஒரு தூக்கம் வரும். அப்பா பைக்கில் இருந்தே திரும்பிப் போவதற்குக் காரணம், இந்த வீட்டில் அவருக்கு யாரும் காப்பி கொடுக்காததுதான். ஒரே ஒரு காப்பி, முழுதாக, உட்கார்ந்து குடித்துவிட்டாரென்றால் தங்கிவிடுவார். இவ்வளவு சின்ன விஷயம் அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம வராராம். உள்ள வந்து ஒக்காந்து பேசணுமாம்."

"விடுதலப் பேப்பர எடுத்துக்கினு வராரா?" என்றாள் அக்கா.

"ஆமா" என்றாள் அம்மா.

பேப்பர் என்றால் என்ன என்று எனக்கு அக்கறை இல்லை. உள்ளே வருகிறார், உட்காருகிறார். அது போதும்.

அப்பாவின் டபரா செட் பரணில் என் கைக்கு எட்டாத மூலையில் கிடந்தது. ஆனால் என்னிடம் ஒரு கோப்பை இருந்தது. ஒரு விடுமுறை நாளில் கம்பெனிக்குப் போயிருந்தபோது அக்கா எனக்கு விளையாடக் கொடுத்த, காது ஒட்டிய பச்சைக் கோப்பை. அதில் நான் பென்சிலால் ஒரு லாரி வரைந்திருந்தேன். எங்கள் வீட்டில் வேறு கோப்பைகளும் இருந்தன, ஆனால் எல்லாம் கம்பெனியில் கழித்துக் கட்டியவை. ஒன்றுக்கு வாய் கோணல், ஒன்றுக்கு அடி ஆட்டம், ஒன்றில் மெருகு திட்டுத்திட்டாக விட்டுப்போயிருக்கும். ஊருக்கெல்லாம் கோப்பை செய்கிற எங்கள் தெருவில் நேராக நிற்கிற கோப்பை ஒன்றுகூட இருக்காது. அப்பாவை அந்தக் கோணலில் குடிக்கவைக்க எனக்கு மனசில்லை.

பச்சையைச் சுட வேண்டும், அவ்வளவுதானே. சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போன பிறகு கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, சின்னத் தீயில், கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன். கம்பெனிச் சூளை ராத்திரியும் பகலும் எரியும். நான் அரை மணி நேரம் எரித்தேன். சின்னக் கோப்பைதானே என்று ஒரு கணக்கு. ஆறியதும் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். வெந்த கோப்பை 'கிண்' என்று சொல்லும், வேகாதது 'தொத்' என்று சொல்லும். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. மூன்று முறை தட்டினேன். மூன்றாவது முறை எனக்குக் 'கிண்' என்றுதான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது பரணில் ஏறி ஃபில்டரை இறக்கினேன். அக்கா வீட்டில் இரண்டு கரண்டி காப்பிப் பொடி வாங்கிவந்தேன். "எதுக்குடி?" என்றாள் அக்கா. "அப்பாவுக்கு" என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள். வெந்நீர் ஊற்றி மூடிவைத்தேன். சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறங்க இறங்க, அந்த வாசனை அடுப்படியைத் தாண்டி வீடு முழுக்கப் பரவியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு வருகிற வாசனை. ஈரக் கையோடு அம்மா வந்து வாசற்படியில் நின்றாள். ஃபில்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பிப் போய்த் துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.

அப்பா பத்து மணிக்கு வந்தார். இன்ஜினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும் நான் ஓடிப்போய்ப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை புதிதாக இருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து எதிரே இருந்த ஸ்டூலில் விரித்தார், பேனாவையும் பக்கத்தில் வைத்தார். அம்மா சுவரோரமாக நின்றாள்.

"எல்லாம் எழுதியிருக்குது. ஒனக்குச் சேர வேண்டியதும் எழுதியிருக்குது. கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றார்.

"இப்பவேவா?"

"பின்ன எப்ப? நானும் எத்தன நாளு ரெண்டுங்கெட்டானா இருக்கிறது?"

அம்மா பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அடுப்படிக்கு ஓடினேன். பால் பொங்கிவிட்டது. டிகாஷனை விட்டு, சர்க்கரையைப் போட்டு, அப்பாவுக்குப் பிடிக்குமே என்று சரியாகக் கலக்காமல், என் கோப்பையில் ஊற்றித் தட்டில் வைத்து எடுத்து வந்தேன்.

"அப்பா, காப்பி குடிச்சிட்டுப் பேசுங்கப்பா."

அவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். "காப்பியா? நீயா போட்ட?" என்றார். அந்தக் குரல் பழைய குரல்.

அம்மா குறுக்கே வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கினாள். கோப்பையின் அடியை விரலால் தொட்டாள். விரலில் ஒட்டியதை உரசிப் பார்த்தாள். பிறகு கோப்பையைத் தட்டிலிருந்து எடுத்து ஸ்டூலில், அந்தப் பத்திரத்தின் மேலேயே வைத்தாள்.

"ஏய், பேப்பரு மேல வைக்காத" என்று அப்பா பதறிக் கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கினார். காது அவர் கையோடு வந்துவிட்டது. கோப்பை அப்படியே குந்தி, ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் பிளந்தது. காப்பியும் களியுமாக ஒரு குழம்பு பத்திரம் முழுக்க ஓடி, ஸ்டூலின் விளிம்பில் வழிந்து, அப்பாவின் பேன்ட்டில் சொட்டியது. என் லாரி எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்பா ஒரு காதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்னா புள்ள வளத்து வச்சிருக்க நீ! இந்தப் பேப்பருக்கு வக்கீலு குமாஸ்தாகிட்ட எத்தன நாளு அலைஞ்சேன் தெரியுமா?"

"கொழந்த. தெரியாம பண்ணிடுச்சி" என்றாள் அம்மா.

அப்பா பத்திரத்தை உதறிப் பார்த்தார். எழுத்தெல்லாம் சேற்றில் கிடந்தது. கசக்கி மூலையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். பைக் தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். உட்கார வந்தவரை எழுப்பி அனுப்பியது நான்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் போல அதற்குப் பிறகு எதற்கும் அழுததில்லை.

அம்மா குனிந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "பச்சையில காப்பி ஊத்திக் குடுத்தவ இந்த ஊருலயே நீ ஒருத்திதான்டி" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காது ஒட்டுகிறவள் மகள் கொடுத்த கோப்பையில் காது கழன்றால் அவமானமாகத்தானே இருக்க வேண்டும், ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாலக்கரையில் இருக்கிற காப்பிக் கடையிலிருந்து அம்மா பொடி வாங்கி வந்தாள். அப்போதுதான் அரைத்த பொடி, பொட்டலம் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. ஃபில்டர் மறுபடி பரணேறவில்லை, டபரா செட்டும் இறங்கிவந்தது. அன்றிலிருந்து தினமும் வேலைவிட்டு வந்ததும் அம்மா முகம் கழுவி, நகக்கண்ணில் இருக்கிற களியைச் சுரண்டிவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு காப்பி போடுவாள். அப்பாவின் டபரா டம்ளரில் ஊற்றித் தட்டால் மூடி ஜன்னலில் வைப்பாள். பிறகு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். தெருவிளக்கு எரிந்து கொஞ்ச நேரம் ஆனதும் எழுந்து உள்ளே வந்து, "இந்தா, குடி. ஆறிப்போச்சி" என்று டம்ளரை என்னிடம் நீட்டுவாள்.

முழு டம்ளர். கடைசி மடக்கு இல்லை, முதல் மடக்கிலிருந்து கடைசி மடக்கு வரைக்கும் என்னுடையது. கறுத்துப்போவேன் என்கிற பேச்சே எழவில்லை. சூடு போய், மேலே ஆடை படிந்து, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஆடையை விரலால் எடுத்து முதலில் தின்பேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, தீர்ந்துவிடக் கூடாதே என்று, நாக்கில் நிறுத்தி நிறுத்திக் குடிப்பேன். பிள்ளைகள் சூடாகக் குடிக்கக் கூடாது என்றுதான் அம்மா ஆறவைத்துத் தருகிறாள் என்று நினைத்தேன். ஸ்கூலில் கடைசிப் பீரியட் வந்தால் எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்துவிடும். பூட்டிய வீட்டில் அந்த இரண்டரை மணி நேரமும் அதன் முடிவில் ஒரு காப்பி இருக்கிறது என்பதால் சுலபமாகப் போயிற்று. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாகக் குடித்த காப்பி அந்த மாதத்துக் காப்பிதான்.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புதுப் பத்திரத்தோடு வந்தார். இந்த முறை அம்மாவே காப்பி போட்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, ஊதி ஊதி, அவசரப்படாமல் குடித்தார். கடைசி மடக்கைக்கூட எனக்கு வைக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்து முழுவதையும் குடித்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. முழுதாகக் குடித்துவிட்டாரே!

"நல்லா இருந்திச்சி" என்றார் டம்ளரை வைத்துவிட்டு.

அம்மா ஸ்டூலின் முன்னால் குனிந்து இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும் குண்டு குண்டாக, நேராக இருக்கும். அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது. அப்பா கிளம்பும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். போகிறவரைப் பார்த்து எனக்குத் துக்கமே இல்லை. காப்பி குடித்தாயிற்று, அடுத்த தடவை தங்குவார். அக்கா வீட்டுக்கு ஓடி, "அப்பா எங்க வூட்டுல காப்பி குடிச்சாரு, முழுசா குடிச்சாரு" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவளுக்கும் சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா டீ போட்டாள்.

"காப்பி எங்கம்மா?" என்றேன்.

"பொடி தீந்துபோச்சி."

எனக்குத் தெரியும், தீரவில்லை. டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. திறந்து பார்த்தேன், வாசனைகூடப் போகவில்லை. டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நீ பொய் சொல்கிறாய், நீ கஞ்சம், எனக்குத் தர உனக்கு மனசில்லை என்று கத்தினேன். அடுத்த நாளும் கத்தினேன். சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினேன். அம்மா திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையும் ஓங்கவில்லை. அதனால் தப்பு அவள் மேல்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

இரண்டாயிரம் கோப்பையில் ஒரு பச்சையைத் தொட்டே கண்டுபிடிக்கிற விரல் அவளுடையது. தெரிந்துதான் அதை அந்தத் தாளின் மேல் வைத்தாள். அப்படிக் கையெழுத்தைத் தள்ளிப்போட்டு அவள் வாங்கிக்கொண்ட ஒரு மாதத்தில், சாயங்காலம் தோறும் காப்பியை மூடிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது யாருக்காக என்று புரிய எனக்கு வெகு காலம் ஆயிற்று. அந்த டம்ளர்களில் ஒன்றுகூட எனக்குப் போட்டதில்லை. அப்பா வராமல் ஆறிப்போன பிறகுதான் என்னிடம் வந்தது. அது தெரியாமல், என் காப்பியை எங்கே ஒளித்து வைத்தாய் என்று நான் அவளோடு ஒரு வாரம் சண்டை போட்டேன்.